‘மற்றவர்’ ஆக்கப்பட்டவர்கள்

1981-ஆம் ஆண்டு யூகோஸ்லாவியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, ‘தேசிய இனம்’ என்ற கேள்விக்கு ‘யூகோஸ்லாவ்’ என்று பதில் சொன்னவர்கள் சுமார் 12 லட்சம் பேர். செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர், மாசிடோனியர், மான்டினீக்ரோவினர், முஸ்லிம் என்று பட்டியலில் வரிசையாக இருந்த பெயர்களில் எதையும் அவர்கள் ஏற்கவில்லை. மொத்த மக்கள்தொகையில் அவர்கள் 5.4 சதவீதம். 1971-இல் இப்படிச் சொன்னவர்கள் 2.73 லட்சம் பேர்தான். பத்தே ஆண்டில் எண்ணிக்கை நான்கு மடங்கைத் தாண்டியது. இவர்களில் கணிசமானோர் கலப்பு மணத்தில் பிறந்தவர்கள். தந்தை செர்பியர், தாய் குரோஷியர். அல்லது தந்தை போஸ்னிய முஸ்லிம், தாய் செர்பியர். பெற்றோரில் ஒருவரின் இனத்தை எழுதினால் மற்றவரை மறுத்ததாகிவிடும். அதனால் நாட்டின் பெயரையே தங்கள் இனத்தின் பெயராக எழுதினார்கள். அடுத்த பதினோரு ஆண்டுகளில் அந்த நாடு இல்லாமல் போயிற்று.

யூகோஸ்லாவியா உடைந்தபோது மிகப் பெரிய விலை கொடுத்த குடியரசு போஸ்னியா-ஹெர்ஸகோவினா. செர்பியர், குரோஷியர், முஸ்லிம் என்ற மூன்று இனங்களும் மிக நெருக்கமாகக் கலந்து வாழ்ந்த மண்ணும் அதுதான். அந்தக் கலப்புதான் போருக்குக் காரணம் என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஒரு மொழி, மூன்று வழிபாடு

செர்பியர், குரோஷியர், போஸ்னியாக்குகள் (போஸ்னிய முஸ்லிம்கள்) என்ற மூன்று மக்களும் 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் பால்கன் பகுதியில் குடியேறிய ஸ்லாவியக் குலங்களின் வழிவந்தவர்கள். அவர்களைப் பிரித்தது மதம். 1054-இல் கிறித்தவ உலகம் ரோம் என்றும் கான்ஸ்டான்டினோபிள் என்றும் இரண்டாகப் பிளந்தபோது, பிளவின் கோடு தெற்கு ஸ்லாவியர் நிலத்தின் ஊடாகவே போனது. மேற்கே இருந்த குரோஷியர் கத்தோலிக்கர் ஆனார்கள். கிழக்கே இருந்த செர்பியர் ஆர்த்தடாக்ஸ் சபையினர் ஆனார்கள். இடையில் மலைகளுக்குள் கிடந்த போஸ்னியாவில் இரண்டும் இருந்தன. அவற்றோடு தனிப்பட்ட போஸ்னியச் சபை ஒன்றும் இருந்தது. 1463-இல் ஒட்டோமான் துருக்கியர் போஸ்னியாவை வென்றார்கள். அதற்குப் பிந்தைய தலைமுறைகளில் மக்களில் பெரும்பகுதியினர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். வெளியிலிருந்து பெருங்கூட்டமாக யாரும் வந்து குடியேறவில்லை. அதே ஊரின் அதே குடும்பங்கள்தாம் வெவ்வேறு வழிபாட்டுக்குப் போயின.

சொக்கொலோவிச் குடும்பத்தின் கதை இதைக் கண்முன் நிறுத்தும். விஷெக்ராட் நகருக்கு அருகே ஆர்த்தடாக்ஸ் குடும்பம் ஒன்றில் பிறந்த சிறுவனை ஒட்டோமான் அரசு ஆள்சேர்ப்பில் கொண்டுபோய் முஸ்லிமாக வளர்த்தது. அவர்தான் பின்னாளில் பேரரசின் தலைமை அமைச்சராக உயர்ந்த மெஹ்மத் பாஷா சொக்கொலோவிச். 1557-இல் செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபையின் பேச் தலைமைப்பீடம் மறுபடி நிறுவப்பட்டபோது அதன் தலைவராக அமர்ந்த மக்காரியே, அவருடைய நெருங்கிய உறவினர். ஒரே குடும்பத்தில் ஒருவர் சுல்தானுக்கு அமைச்சர், இன்னொருவர் செர்பியத் திருச்சபைக்குத் தலைவர். மெஹ்மத் பாஷா தன் சொந்த ஊர்ப் பக்கத்தில் திரினா ஆற்றின் மேல் கட்டுவித்த கல்பாலம் இன்றும் விஷெக்ராட்டில் நிற்கிறது.

ஒட்டோமான் ஆட்சி மக்களை மதம் பார்த்தே பிரித்து நிர்வகித்தது. வரி, வழக்கு, திருமணம் எல்லாவற்றிலும் ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதே கேள்வி. 19-ஆம் நூற்றாண்டில் தேசியவாதம் வந்தபோது இந்த மதப் பிரிவுகள் அப்படியே தேசங்களாக உருமாறின. போஸ்னியாவின் ஆர்த்தடாக்ஸ் விவசாயி தன்னைச் செர்பியர் என்று சொல்லத் தொடங்கினார். பக்கத்துத் தெருக் கத்தோலிக்கர் குரோஷியர் ஆனார். முஸ்லிம்களுக்குத்தான் பெயர் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. ‘நீங்கள் மதம் மாறிய செர்பியர்’ என்று ஒரு தரப்பும் ‘மதம் மாறிய குரோஷியர்’ என்று மறு தரப்பும் அவர்களை இழுத்துக்கொண்டிருந்தன. 1971 கணக்கெடுப்பில்தான் ‘முஸ்லிம்’ என்பது முழுமையான தேசிய இனமாக ஏற்கப்பட்டது. ‘போஸ்னியாக்’ என்ற பெயரை அவர்கள் முறைப்படி சூடிக்கொண்டது 1993 செப்டம்பரில், போரின் நடுவில்.

மொழியில் பிரிவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஒற்றுமை. 1850-இல் செர்பிய, குரோஷிய அறிஞர்கள் வியன்னாவில் கூடி ஒரே வட்டார வழக்கை அடிப்படையாகக் கொண்டு பொதுவான எழுத்துமொழிக்கு உடன்பட்டார்கள். ரொட்டிக்குச் செர்பியர் ‘ஹ்லெப்’ என்பார்கள், குரோஷியர் ‘குரூஹ்’ என்பார்கள். காப்பி ஒருவருக்குக் ‘காஃபா’, மற்றவருக்குக் ‘காவா’, போஸ்னியாக்குக்குக் ‘கஹ்வா’. இந்த அளவு வேறுபாட்டை வைத்துக்கொண்டு, 1990-களிலிருந்து செர்பியம், குரோஷியம், போஸ்னியம், மான்டினீக்ரியம் என்று நான்கு மொழிகள் அரசு ஆணைகளில் பிறந்தன. போஸ்னியாவில் விற்கும் சிகரெட் பெட்டியில் ‘புகைத்தல் கொல்லும்’ என்ற எச்சரிக்கை மும்மொழிக் கணக்குக்காக மூன்று முறை அச்சாகும். மூன்றிலும் சொற்கள் ஒன்றே. இரண்டு ரோமன் எழுத்தில், ஒன்று சிரிலிக் எழுத்தில். 2017-இல் நான்கு நாடுகளின் எழுத்தாளர்களும் மொழியியலாளர்களும் சேர்ந்து, இவை நான்கும் ஒரே பொதுமொழியின் வடிவங்களே என்று அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

அண்டை வீட்டார் என்ற உறவு

போஸ்னிய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ‘கொம்ஷிலுக்’ என்ற சொல் வேண்டும். துருக்கியிலிருந்து வந்த சொல் அது. அண்டை வீட்டாரோடு கொள்ளும் உறவு முழுவதையும் குறிக்கும். ஈத் அன்று முஸ்லிம் வீட்டிலிருந்து பக்லாவா பக்கத்து வீட்டுக்குப் போகும். ஈஸ்டர் அன்று சாயம் பூசிய முட்டை திரும்பி வரும். வீடு கட்ட, அறுவடைக்கு, சாவுக்கு, கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே ஆள் வந்து நிற்கும். ஆனால் கிராமத்தில் இந்த உறவுக்கு ஓர் எல்லை இருந்தது: பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. நகரம்தான் அந்த எல்லையைத் தாண்டியது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகின. குடியிருப்பில் வீடு ஒதுக்கியது தொழிற்சாலை. இனம் பார்த்து ஒதுக்கவில்லை. நாடு முழுக்க நடந்த திருமணங்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்று கலப்பு மணம். சரயேவோ, மோஸ்தார், துஸ்லா போன்ற ஊர்களில் கலப்பு மணம் அன்றாட நடப்பு. நாட்டின் தலைவர் டிட்டோவே குரோஷியத் தந்தைக்கும் ஸ்லோவேனியத் தாய்க்கும் பிறந்தவர். பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் இந்தக் குடும்பங்களின் தவிப்பும் விருப்பமும் தெரியும். போஸ்னியாவில் ஒருவரின் பெயரைக் கேட்டதும் அவர் எந்த மதத்தார் என்று சொல்லிவிடலாம். அதனால் கலப்பு மணத் தம்பதியர் கொரான், தாமிர், சான்யா, யஸ்னா என்று எந்தப் பக்கமும் சாயாத பெயர்களைத் தேடினார்கள். சில ஆண்டுகளில் சோதனைச்சாவடிகளில் பெயரைக் கேட்டே உயிரைத் தீர்மானிப்பார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1961-இல் நோபல் பரிசு பெற்ற இவோ ஆண்ட்ரிச், போஸ்னியாவின் திராவ்னிக் அருகே கத்தோலிக்கக் குரோஷியக் குடும்பத்தில் பிறந்து, பெல்கிரேடில் வாழ்ந்து, செர்பிய வழக்கில் எழுதியவர். விஷெக்ராட் பாலத்தைப் பற்றிய அவரது நாவல்தான் உலகப் புகழ்பெற்றது. இன்று மூன்று இலக்கியங்களும் அவருக்காக வழக்காடுகின்றன. மேஷா செலிமோவிச் துஸ்லாவின் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, தன் எழுத்து செர்பிய இலக்கியத்தைச் சேர்ந்தது என்று அறிவித்தவர். பிறப்பு ஒன்று, தேர்வு வேறு என்பது அந்தத் தலைமுறைக்குச் சாதாரணம்.

பழைய காயமும் புதிய தேர்தலும்

ஆனால் காயமே இல்லாத நாடு அல்ல அது. 1941-இல் ஜெர்மனியும் இத்தாலியும் யூகோஸ்லாவியாவைச் சிதைத்து, குரோஷியாவையும் போஸ்னியாவையும் உஸ்தாஷா என்ற பாசிச அமைப்பின் கையில் கொடுத்தன. செர்பியரும் யூதரும் ரோமா மக்களும் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். யாசெனொவாட்ஸ் வதைமுகாமில் இறந்தவர்களாக அங்குள்ள நினைவகம் பெயர் பெயராகத் தொகுத்திருக்கும் பட்டியலில் மட்டும் 83,145 பேர். மறுபுறம் செர்பியச் செட்னிக் படைகள் கிழக்குப் போஸ்னிய முஸ்லிம் கிராமங்களை அழித்தன. போருக்குப் பின் அமைந்த பொதுவுடைமை ஆட்சி ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’ என்ற முழக்கத்தின் கீழ் இந்தச் சாவுகளை வெளிப்படையாகப் பேசவிடாமல் மூடிவைத்தது. துக்கம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. டிட்டோ 1980-இல் இறந்து, கடனும் விலைவாசியும் நாட்டை முறித்தபோது, அந்தத் துக்கத்தை அரசியல்வாதிகள் வெளியே எடுத்து ஆயுதமாக்கினார்கள். ‘1941 திரும்பி வருகிறது’ என்ற அச்சத்தைத் தொலைக்காட்சி ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது.

1990 நவம்பர் தேர்தலில் போஸ்னியாவில் முஸ்லிம், செர்பிய, குரோஷியத் தேசியக் கட்சிகள் மூன்றும் வென்றன. வாக்கு விகிதம் ஏறத்தாழ மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகலாகவே இருந்தது. 1991 கணக்கெடுப்பின்படி போஸ்னியாவில் முஸ்லிம்கள் 43.5 சதவீதம், செர்பியர் 31.2, குரோஷியர் 17.4, ‘யூகோஸ்லாவ்’ 5.5. நகரங்களில் கடைசிப் பிரிவு இன்னும் பெரியது: சரயேவோவிலும் மோஸ்தாரிலும் பத்து சதவீதத்துக்கு மேல், துஸ்லாவில் 16.7. இந்த மக்களுக்கென்று கட்சி இல்லை, படை இல்லை, எல்லை கடந்து உதவ ஒரு தாய்நாடும் இல்லை. தெருவில் தடுப்பு எழுந்தபோது எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கம் சொந்த இரத்தம் நின்றது.

யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த நேரம் அது. 1992 ஏப்ரல் 5 அன்று சரயேவோவில் ஆயிரக்கணக்கானோர் போர் வேண்டாம் என்று ஊர்வலம் போனார்கள். வெர்பானியா பாலத்தில் சுவாதா தில்பெரோவிச், ஓல்கா சூச்சிச் என்ற இரண்டு பெண்கள் சுடப்பட்டு இறந்தார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் குரோஷியர். பாலம் இன்று இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி 29 வரை நீடித்தது. நகரைச் சூழ்ந்து குண்டு வீசியது போஸ்னிய செர்பியப் படை. நகரைக் காத்த படையின் துணைத் தளபதிகளில் ஒருவர் பெல்கிரேடில் பிறந்த செர்பியர், ஜெனரல் யோவான் திவ்யாக். 1992 மே மாத இறுதியில் பிரியெதோர் நகரில் செர்பியர் அல்லாதோர் வீட்டில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டை கட்டியவர்களைப் பிறகு ஒமார்ஸ்கா போன்ற முகாம்களுக்கு ஓட்டிச்சென்றார்கள். விஷெக்ராட்டில் மெஹ்மத் பாஷாவின் பாலத்தின் மேல் முஸ்லிம் ஆண்களைக் கொன்று திரினாவில் தள்ளினார்கள். மோஸ்தாரில் 1993-இல் குரோஷியப் படை போஸ்னியாக்குகளோடு மோதி, 1566-இல் கட்டிய பழைய பாலத்தை நவம்பர் 9 அன்று பீரங்கியால் தகர்த்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். பன்னாட்டு நீதிமன்றங்கள் அதை இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தன. போரில் இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். வீடிழந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் அதிகம்.

கலப்புக் குடும்பங்களை மூன்று தரப்பும் சந்தேகித்தன. ‘மெஷானாட்ஸ்’ என்ற வசவுச்சொல் கிளம்பியது; கலப்பின நாய்க்கும் அதே சொல்தான். மனைவியின் ஊரில் கணவனுக்கு இடமில்லை, கணவனின் ஊரில் மனைவிக்கு இடமில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் இவர்களைத் தனிப் பிரிவாகக் கருதி வெளிநாடுகளில் குடியமர்த்த முன்னுரிமை தந்தது. பல்லாயிரம் பேர் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். போஸ்னியாவை ஒட்டவைத்திருந்த பசை அவர்களோடு நாட்டைவிட்டு வெளியேறியது.

துஸ்லா

எல்லா ஊரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பதற்குத் துஸ்லா சான்று. உப்புக்குப் பேர்போன ஊர்; பெயரே உப்பைக் குறிக்கும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. உப்பும் நிலக்கரியும் வெட்டிய தொழிலாளர்களின் ஊர். சுரங்கத்துக்குள் பக்கத்தில் நிற்பவரின் மதத்தைவிட அவரது கவனம்தான் உயிர் காக்கும். 1990 தேர்தலில் தேசியக் கட்சிகள் மூன்றையும் தோற்கடித்து, இனச்சார்பற்ற அணியைத் தேர்ந்தெடுத்த அரிதான ஊர்களில் ஒன்று துஸ்லா. மேயர் செலிம் பெஷ்லாகிச் தலைமையில் போர்க்காலம் முழுவதும் நகர நிர்வாகம் எந்த இனத்தாரையும் துரத்தவில்லை.

1995 மே 25 மாலை. யூகோஸ்லாவியக் காலத்தில் அது டிட்டோவின் பிறந்தநாளாகவும் இளைஞர் தினமாகவும் கொண்டாடப்பட்ட நாள். ஊரின் நடுவே காபியா என்ற சதுக்கத்தில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். செர்பியப் படையின் ஒரே குண்டில் 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். எந்தக் குழந்தையை எந்தக் கல்லறையில் புதைப்பது என்ற கேள்வி எழுந்தது. பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைகளை ஒரே இடத்தில், அருகருகே அடக்கம் செய்ய ஒப்புக்கொண்டார்கள். ஸ்லானா பானியா பூங்காவில் அந்த வரிசை இன்றும் இருக்கிறது. முஸ்லிம், குரோஷியர், செர்பியர் பெயர்கள் கலந்தே கிடக்கின்றன. கலப்பு வாழ்க்கை சாத்தியமில்லை என்று சொல்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் அது.

சட்டத்தில் எழுதிய பிரிவினை

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேய்டனில் முடிவான ஒப்பந்தம் போரை நிறுத்தியது. அதற்காக அதற்கு நன்றி உண்டு. அந்த ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்புதான் போஸ்னியாவின் அரசமைப்புச் சட்டம். போஸ்னியாக், குரோஷியர், செர்பியர் ஆகிய மூவரும் ‘அரசை அமைக்கும் மக்கள்’ என்கிறது அது. மீதிப் பேர் அனைவருக்கும் ஒரே சொல்: ‘ஒஸ்தாலி’, அதாவது மற்றவர். நாட்டின் குடியரசுத் தலைமை மூவர் குழு: ஒரு போஸ்னியாக், ஒரு குரோஷியர், ஒரு செர்பியர். நாடாளுமன்றத்தின் மக்களினங்கள் அவையில் 15 உறுப்பினர்கள்; இனத்துக்கு ஐவர். ரோமா, யூதர், தன்னை வெறுமனே போஸ்னியக் குடிமகன் என்று சொல்பவர், இரு இனப் பெற்றோருக்குப் பிறந்து எந்த இனத்தையும் ஏற்காதவர் ஆகிய எவரும் இந்த இரண்டுக்கும் போட்டியிட முடியாது. நாடு செர்பியக் குடியரசு, போஸ்னியாக்-குரோஷியக் கூட்டமைப்பு என்ற இரண்டு பகுதிகளாக இருப்பதால், வசிக்கும் இடமும் கட்டுப்படுத்துகிறது: செர்பியக் குடியரசுப் பகுதியில் வாழும் போஸ்னியாக்கும், கூட்டமைப்புப் பகுதியில் வாழும் செர்பியரும் தலைமைக் குழுவுக்கு நிற்க முடியாது.

ரோமா இனத்தவரான தெர்வோ செய்திச்சும் யூதரான யாக்கோப் பின்சியும் இதை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். 2009 டிசம்பர் 22 அன்று, இது பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. 2014-இல் அஸ்ரா ஸோர்னிச் வழக்கில் இன்னும் நேரடியான தீர்ப்பு: அவர் தன்னைப் போஸ்னியக் குடிமகள் என்று மட்டுமே அறிவித்தவர், அதற்காக அவரது உரிமையைப் பறிக்க முடியாது.

எழுதியபடியே சட்டத்தைப் பயன்படுத்தினாலும் சிக்கல் தீரவில்லை. ஷெல்கோ கொம்ஷிச் 2006 முதல் நான்கு முறை மூவர் குழுவின் குரோஷிய உறுப்பினராகத் தேர்வானவர். அவர் தந்தை குரோஷியர், தாய் செர்பியர். சரயேவோ முற்றுகையில் செர்பியப் படையின் துப்பாக்கிக் குறிக்கு அந்தத் தாய் தன் வீட்டுக்குள்ளேயே பலியானார். கொம்ஷிச்சுக்கு விழும் வாக்குகளில் பெரும்பகுதி போஸ்னியாக் வாக்குகள் என்பதால், அவர் ‘உண்மையான’ குரோஷியப் பிரதிநிதி அல்ல என்று குரோஷியத் தேசியக் கட்சி ஒவ்வொரு முறையும் வாதிடுகிறது. பதவி இனத்துக்கு உரியது என்று எழுதிவைத்தால், அந்த இனத்தின் கதவைக் காப்பதே கட்சிகளின் தொழிலாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் இது இன்னும் கொடுமை. கூட்டமைப்புப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ‘ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளி’ என்ற முறை நிலவியது. ஒரே கட்டடம், போஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோஷியப் பிள்ளைகளுக்கு இன்னொன்று, சில இடங்களில் வாசலும் வேறு, வேளையும் வேறு. கலப்பு வீட்டுப் பிள்ளை ஆறு வயதில் எந்த வாசலில் நுழைவது என்று பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். 2016-இல் யாய்ட்ஸே ஊரில் தனியாக இன்னொரு பள்ளி திறக்க அதிகாரிகள் முனைந்தபோது, இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து தெருவில் இறங்கி அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். தலைவர்கள் செய்யத் தவறியதைப் பதின்வயதுப் பிள்ளைகள் செய்தார்கள்.

பக்கத்து நாடுகளிலும் கேள்வி அடங்கவில்லை. குரோஷியாவில் 1991-இல் 12.2 சதவீதமாக இருந்த செர்பியர் 2021-இல் 3.2 சதவீதம், 1995 ஆகஸ்டில் மட்டும் இரண்டு லட்சம் பேர் வரை வெளியேறினார்கள். மான்டினீக்ரோவில் ஒரே வீட்டில் ஒரு சகோதரர் தன்னை மான்டினீக்ரோவினர் என்றும் மற்றவர் செர்பியர் என்றும் பதிவது உண்டு. செர்பியாவில் 2022 கணக்கெடுப்பிலும் 27,143 பேர் தங்களை ‘யூகோஸ்லாவ்’ என்றே பதிந்தார்கள். நாடு மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பெயர் சிலருக்கு வீடாக இருக்கிறது.

போஸ்னியாவில் போருக்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு 2013-இல் நடந்தது. போஸ்னியாக் 50.1 சதவீதம், செர்பியர் 30.8, குரோஷியர் 15.4. ‘மற்றவர்’ என்ற பிரிவில் 2.7 சதவீதம். 2009 தீர்ப்பின்படி அரசமைப்பைத் திருத்தும் முயற்சிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. 2022 அக்டோபரில் நடந்த பொதுத் தேர்தலிலும், எந்த இனத்தையும் அறிவிக்காத ஒரு குடிமகன் தன் நாட்டின் தலைமைக்குப் போட்டியிட முடியவில்லை.